கேத் லேப் கதிர்ப்படத் தொழில்நுட்பர்

மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத் தமனியின் அடைப்பைக் கண்டறிந்து அங்கேயே சரிசெய்யும் இடம் கேத் லேப். அங்கே எக்ஸ்-கதிர்க் கருவிக்கும் அது தரும் படத்துக்கும் பொறுப்பானவர் கதிர்ப்படத் தொழில்நுட்பர். இந்தத் துறை பிறந்ததே படத்தோடுதான். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கைச் சிரை வழியே இதயம்வரை குழாயைச் செலுத்தியதற்குச் சாட்சி ஓர் எக்ஸ்-கதிர்ப் படம். 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இதயத் தமனிகளைத் தனியாகப் படமெடுத்தார். 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனால் அடைப்பை விரித்தார். ஆனாலும் பல மருத்துவமனைகள் படத்துக்குப் பொறுப்பானவரைச் சொன்னதைச் செய்யும் உதவியாளராகவே நடத்துகின்றன. கதிர்வீச்சை ஓட்டும் மிதிகட்டை மருத்துவரின் காலடியில் இருப்பதால் அந்த எண்ணம் இயல்பாகத் தோன்றலாம். ஆனால் மிதிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்பது பெரும்பாலும் தொழில்நுட்பரின் கவனத்தைப் பொறுத்தது.

சி-ஆர்ம் எனப்படும் சி வடிவ நவீன எக்ஸ்-கதிர்க் கருவி கதிர் அளவைத் தானே சரிசெய்துகொள்கிறதே, ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கருவி காப்பது படத்தின் வெளிச்சத்தைத்தான், நோயாளியின் தோலை அல்ல. இடது தமனி கிளை பிரியும் இடத்தைப் பார்க்க சி-ஆர்மை இடப்பக்கம் சாய்த்துக் காலடிப் பக்கமும் திருப்பும்போது, கதிர் கடக்க வேண்டிய உடல் தடிமன் கூடுகிறது. உடனே கருவி தானாகவே கதிரைக் கூட்டிவிடுகிறது. முதுகில் ஒரே இடத்தில் அது விழுந்துகொண்டிருப்பதைக் கருவி பொருட்படுத்தாது. பயிற்சி பெற்றவர் படத்தைப் பிடிக்கும் டிடெக்டரை மார்புக்கு நெருக்கமாக இறக்குவார், தேவையற்ற ஓரங்களை மறைப்பார், கோணத்தைச் சற்றே மாற்றச் சொல்வார், நொடிக்கு 15 படம் என்பதை 7.5 ஆகக் குறைப்பார். பலூன் விரிந்ததைப் பதிவுசெய்யப் புதிதாகச் சினி என்னும் உயர்தரப் பதிவை எடுக்காமல், சற்றுமுன் ஓடிய ஃபுளோரோ என்னும் நேரடிக் காட்சியையே சேமித்து வைப்பார். சினியில் ஒவ்வொரு படத்துக்கும் பல மடங்கு கதிர் செலவாகும். திரையில் கிரே அலகில் காட்டப்படும் கதிர் அளவு ஏறும்போது ‘சார், மூணு கிரே ஆயிடுச்சு’ என்று குரல் கொடுப்பதும் இவர் வேலையே. அந்தக் குரலுக்கு இடம் கொடுக்காத கேத் லேப்பில் நல்ல கருவி இருந்தும் பயன் குறைவு.

இந்த வேலையைச் செவிலியரோ வேறு டெக்னீஷியனோ பழகிக்கொள்ளலாமே என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நள்ளிரவில் மாரடைப்போடு ஒருவர் வரும்போது, இருக்கும் மூன்று நான்கு பேரும் ஒயர், பலூன், ஸ்டென்ட் எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர்களாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் பொத்தானைப் பழகுவது வேறு, கதிர் எங்கே சிதறுகிறது என்று அறிந்திருப்பது வேறு. சிதறல் அதிகம் வருவது எக்ஸ்-கதிர்க் குழல் இருக்கும் பக்கத்தில்; ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ கால்வாசி. இந்தியாவில் கதிர்ப் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30. உடலில் படும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை ஈய ஏப்ரனுக்குள் அணியாமல் அலமாரியில் தொங்கவிட்டால், அந்த வரம்பு யாரையும் காக்காது.

உயிர் போகும் நேரத்தில் கதிர்க் கணக்கு பார்ப்பதா என்பது வலுவான ஆட்சேபம். கணக்குக்காகச் சிகிச்சையை நிறுத்தச் சொல்வது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலே சொன்ன மாற்றங்கள் எதுவும் நேரத்தைத் தின்பதில்லை. தவிர்க்க முடியாமல் அளவு 5 கிரேயைத் தாண்டினால், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி நோயாளியிடமும் சொல்ல வேண்டும். கதிர்க் காயம் பெரும்பாலும் வாரங்கள் கழித்து முதுகில் சிவந்து தோன்றும். அதற்குள் அவர் வீடு திரும்பி, தோல் மருத்துவரிடம் ஒவ்வாமை என்று காட்டிக்கொண்டிருப்பார். ஆறாத புண்ணிலிருந்து திசு வெட்டிச் சோதித்தால் அது இன்னும் மோசமாகலாம். எழுதிவைத்த அந்த ஒரு வரிதான் அவருடைய மருத்துவரைச் சரியான காரணத்திடம் கொண்டுசேர்க்கும்.