பவளக்காரத் தெருவும் யூத வணிகரும்



போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சோழர் படை கங்கைவரை சென்ற செய்தியைக் கூறுவதால் வரலாற்று ஆசிரியர் அனைவரும் அதனை அறிவர். ஆயினும் அக்கல் பொறிக்கப்பட்டது மன்னனின் வெற்றிக்காக அன்று. நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவியார் சாமுண்டப்பை, அங்குள்ள சமணக் கோயிலில் விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் பொருள் வைத்தார். அக்கொடையை எழுதவே கல் வெட்டப்பட்டது. சிறு சமூகத்தாரின் வாழ்வை நாம் பெரும்பாலும் இவ்வாறே, கொடை, வரி, வழக்கு ஆகியவற்றைக் குறித்த ஏடுகளின் வாயிலாகவே அறிகிறோம்.

மேல்நாடுகளிலும் இதே நிலைதான். போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் வாழ்ந்த யூதர்கள் 1495ஆம் ஆண்டில் அந்நகரைவிட்டு அருகிலிருந்த காசிமியெர்ஸ் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டனர். அதன் பின்னர் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை ஆராய்வோர், நகர மன்றங்களின் பதிவேடுகளையே புரட்டுகின்றனர். அத்தகைய பதிவேடு நம் சென்னைக்கும் உண்டு. அதிலும் யூதர்கள் இடம்பெற்றுள்ளனர் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

ஸ்பெயின் நாடு 1492இல் யூதரை வெளியேற்றியது. போர்ச்சுகல் 1497இல் அவர்களைக் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாக்கியது. பிறந்த மண்ணை இழந்தவர்கள் காலப்போக்கில் ஆம்ஸ்டர்டாம், இத்தாலியின் லிவோர்னோ, இலண்டன் ஆகிய நகரங்களில் குடியேறினர். அவர்களுள் சிலர் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைப்பட்டணம் வந்தனர். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ழாக் த பைவா அவர்களுள் முதன்மையானவர். பார்த்தலோமியோ ரோட்ரிகஸ், தொமிங்கோ தோ போர்த்தோ, ஆல்வரோ த ஃபொன்செக்கா ஆகியோரும் பெருவணிகராய்த் திகழ்ந்தனர். இப்பெயர்களின் போர்ச்சுகீசிய ஒலியே அவர்தம் முன்னோர் இழந்த நாட்டை நமக்கு உணர்த்தும்.

அவர்களது வாணிபம் யாது? மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் லிவோர்னோவிலிருந்து இலண்டன் வழியாகச் சென்னைக்கு வந்தது. இங்கிருந்து கோல்கொண்டாச் சுரங்கங்களின் வைரம் கப்பலேறிற்று. பவளம் கொடுத்து வைரம் கொள்ளும் இவ்வாணிபத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் தீர்வை வருவாய் கிட்டியது. ஆதலின் கம்பெனியார் யூத வணிகருக்கு உரிமச்சீட்டு வழங்கி வரவேற்றனர்.

1687ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாளிட்ட சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கப்பெற்றது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆல்டர்மன்கள் பன்னிருவர். ஆங்கிலேயர், இந்து வணிகர், போர்ச்சுகீசியர் ஆகியோருடன் யூத வணிகரும் அம்மன்றத்தில் அமர்ந்தனர். இலண்டன் மாநகரில் ஒரு யூதர் ஆல்டர்மனாகப் பதவியேற்றதோ 1847இல்தான். டேவிட் சாலமன்ஸ் என்னும் அப்பெரியார் 1835இலேயே தெரிவு செய்யப்பட்டும், கிறித்தவ முறையிலான உறுதிமொழியைச் சொல்ல இயலாமையால் பதவி பெறவில்லை. தலைநகரில் மறுக்கப்பட்ட இருக்கை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னரே சென்னையில் கிடைத்திருந்தது!

இதனைப் பரந்த உள்ளத்தின் பயனென்று மட்டும் கொள்ளுதல் பிழையாகும். நகர மண்டபம், சிறை, பள்ளி, கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றுக்கு வரி தண்ட வேண்டியிருந்தது. மக்களோ வரியை எதிர்த்தனர். தம்மவரே மன்றத்தில் அமர்ந்து வரி விதித்தால் எதிர்ப்பு தணியும் என்பது கம்பெனி இயக்குநர்களின் கணக்கு. யூதருக்குக் கிடைத்த மதிப்பில் அவர்தம் செல்வத்துக்கும் பங்கு உண்டு.

பயன் கருதி அளித்த மதிப்பு, பயன் குறையவே தானும் குறைந்தது. 1726ஆம் ஆண்டுச் சாசனம் மன்றத்தைப் பெரிதும் ஆங்கிலேயருக்கே உரியதாக்கிற்று. ஏறத்தாழ அக்காலத்தில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டெடுக்கப்பட்டதால் கோல்கொண்டா வாணிபம் தளர்ந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் சென்னையின் யூதக் குடியும் தேய்ந்தது.

நகரமன்றக் குறிப்புகளில் இவர்களைப் பதவியாளராக, வணிகராக, வரி செலுத்துவோராகக் காண்கிறோம். அவர்கள் ஓய்வுநாளில் விளக்கேற்றியதையோ, பிள்ளைகளுக்கு மறை ஓதுவித்ததையோ அத்தகைய ஏடுகள் கூறமாட்டா. எழுத்தருக்கு வேண்டியது கணக்கே. எனவே ஏட்டைப் படிப்போர் கல்லறைகளையும் தெருப் பெயர்களையும் உடன் படித்தல் வேண்டும். த பைவா 1687இல் மறைந்தார். பெத்தநாயக்கன்பேட்டையில் யூதர்க்கென இடுகாடு அமைந்திருந்தது. பழைய கற்களுள் எஞ்சிய சில பிற்காலத்தில் லாயிட்ஸ் சாலை இடுகாட்டுக்கு மாற்றப்பெற்றன.

முத்தியாலுப்பேட்டையில் அவர்கள் வாழ்ந்த வீதி பவளக்காரத் தெரு என்றே இன்றும் வழங்குகிறது. பின்னாளில் அங்கு நகரத்தார் வந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினர். தொழிலும் குடிகளும் மாறியும் பெயர் மாறவில்லை. சென்னைக்குச் செல்லும் மாணவர்கள் அத்தெருவின் பெயர்ப்பலகையையும் ஒரு வரலாற்று ஆவணமாகக் கருதிப் படிப்பார்களாக.