அத்தித் தடியைக் கொண்டுவந்தது யார்?

எங்கள் வீட்டின் தெற்குச் சுவரோடு ஒரு சீமை அத்தி மரம் நிற்கிறது. யூலண்டின் நடுவில் உள்ள ஒரு சின்ன ஊர். எனக்கு ஏழெட்டு வயதாக இருக்கும்போது அப்பா நட்டது. இந்த வசந்தத்தில் அப்பாவும் அம்மாவும் வீட்டை விற்றுவிட்டு ஒரு மாடி வீட்டுக்குப் போகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் நோ, புல்லு வெட்ட முடியவில்லை. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"மரத்தை என்ன செய்யிறது, அப்பா?"

"வேரோட வராது. தடி வெட்டிக்கொண்டு போ."

"இதை உங்களுக்கு ஆர் தந்தது?"

"பக்கத்து வீட்டு மனிசி."

"அவவுக்கு ஆர் குடுத்தது?"

"நான் கேக்கேல்லை. அப்ப எனக்கு டேனிஷ் அவ்வளவு வராது. உனக்கு வந்தது. நீ கேட்டிருக்கலாம்."

உண்மைதான். வேலியைப் பற்றியும் குப்பைத் தொட்டியைப் பற்றியும் அந்த அம்மாவோடு பேசவேண்டி வந்தால், நடுவில் நின்று மொழிபெயர்த்தது நான்தான். இதை நான் கேட்கவில்லை. அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள்.

அன்று இரவு அத்தியின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். தேடியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். ஊரில் நாங்கள் அத்தி என்று சொல்வது வேறு மரம். அதன் பழங்கள் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கடையில் வாங்கும் பெரிய, இனிப்பான பழம் சீமை அத்தி. இரண்டும், ஆலும் அரசும்கூட, 'பைக்கஸ்' என்ற ஒரே பேரினம். அதாவது கோயிலடி அரசமரமும் எங்கள் வீட்டுச் சுவரோடு நிற்கும் மரமும் உறவுக்காரர்.

அம்மம்மா நெடுநாள் வராத ஒருவர் வந்தால் "அத்தி பூத்தமாதிரி வந்திருக்கிறாய்" என்பார். அத்தி பூப்பதை யாரும் காண்பதில்லை. ஏனென்றால் பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கின்றன. நாம் பழம் என்று சொல்வது, உள்ளே நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களை வைத்து மூடிய ஒரு பை. அந்தப் பைக்குள் நுழைந்து மகரந்தம் சேர்ப்பது ஒரு குட்டிக் குளவி. ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் அதற்கே உரிய குளவி உண்டு. "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்ற பழமொழிக்கும் அந்தப் பூச்சிகள்தான் காரணம்.

சீமை அத்தியின் குளவி மத்தியதரைக் கடல் பக்கத்து வெப்பத்தில் வாழ்வது. டென்மார்க்கில் அது இல்லை. அப்படியானால் இங்கே பழம் எப்படி வருகிறது? சில சீமை அத்தி வகைகளுக்குக் குளவியே தேவையில்லை. மகரந்தம் சேராமலே பழுக்கும். ஆனால் அந்தப் பழத்துக்குள் முளைக்கக்கூடிய விதை இருக்காது. இங்கே பழுக்கும் மரங்கள் எல்லாம் இந்த வகைதான்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முளைக்கும் விதை இல்லையென்றால், குருவி தின்று போட்டு இந்த மரம் பரவாது. காற்றிலும் வராது. யாரோ ஒருவர் ஒரு மரத்தில் தடி வெட்டி, இன்னொரு இடத்தில் ஊன்றவேண்டும். டென்மார்க்கின் தோட்டங்களில் நிற்கும் ஒவ்வொரு அத்திக்குப் பின்னாலும் ஒரு மனிதக் கை இருக்கிறது.

இந்தக் கைவேலை மிகப் பழையது. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கருகிய அத்திப் பழங்கள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 11,400 ஆண்டுகள். அவை விதை முளைக்காத வகை என்றும், அப்போதே மனிதர் தடி நட்டு வளர்த்திருக்கவேண்டும் என்றும் 2006 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்னது சரியென்றால், மனிதன் கோதுமையைப் பயிரிடுவதற்கும் முன்பே அத்தித் தடியை ஊன்றியிருக்கிறான்.

டென்மார்க்கில் அத்தியைப் பார்க்க நல்ல இடம் போர்ன்ஹோல்ம் தீவு. கருங்கல் பாறைத் தீவு. பகல் வெயிலைப் பாறை வாங்கி வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள பால்டிக் கடல் மெதுவாகத்தான் குளிரும். அதனால் இலையுதிர்காலத்தின் சூடு அங்கே நீண்டு நிற்கும், முதல் உறைபனி பிந்தி வரும். கூட்யெம் ஊரின் வீட்டுச் சுவர்களோடு அத்தி காய்த்து நிற்பதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 'போர்ன்ஹோல்ம்' என்ற பெயரிலேயே ஒரு வகை கடைகளில் விற்கிறார்கள்.

கூட்யெமிலிருந்து படகில் போனால் கிறிஸ்டியன்சோ வரும். மிகச் சின்னத் தீவு. 1684 இல் ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் காலத்தில் அதைக் கடற்படைக் கோட்டையாக்கினார்கள். வெறும் பாறை என்பதால் தோட்டத்துக்கு மண்ணையே போர்ன்ஹோல்மிலிருந்து படகில் கொண்டுவந்தார்கள். 1808 இல் பிரித்தானியக் கப்பல்கள் அதைக் குண்டு வீசித் தாக்கின. 1855 இல் கோட்டையை மூடிவிட்டார்கள். இன்று அங்கே பீரங்கிகள் வெறும் காட்சிப்பொருள். கல்மதில்களின் அணைப்பில் அத்தியும் முசுக்கட்டையும் காய்க்கின்றன. கோட்டை கட்டிய அரசரின் பெயரை ஊரே சுமக்கிறது. அந்த மதிலடியில் முதல் தடியை ஊன்றியவர் பெயரை நான் எங்கும் காணவில்லை.

எது எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது என்பதற்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. 1620 இல் நான்காம் கிறிஸ்டியன் அரசர் அனுப்பிய ஓவ கெத்த, தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்தார். தரங்கம்பாடி டேனிஷ்காரர் கைக்கு வந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்கு எழுதிய தமிழ்க் கடிதம் தங்க ஓலையில் பொறித்தது. அது இன்றும் கோபன்ஹேகனில் அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பிறகு 1845 இல் தரங்கம்பாடியைப் பிரித்தானியருக்கு விற்றுவிட்டார்கள். அந்த 225 வருடத்தில் இரு கரைக்கும் இடையே எத்தனை மூட்டைகளில் எத்தனை விதையும் தடியும் போய்வந்திருக்கும்! தங்கத்தில் எழுதியது தப்பியது. மூட்டை கட்டியவர்களை யார் எழுதினார்கள்?

இனி நம்மில் பலர் வளர்ந்த யூலண்டுக்கு வருவோம். 1980களில் நம் பெற்றோர் வந்து இறங்கிய ஹேர்னிங், பிரேன்ட, கிரின்ஸ்டட் பக்கமெல்லாம் 150 வருடங்களுக்கு முன் மணல் தரை. குட்டைச் செடிகள் மட்டும் வளரும் வெளி. மேற்குக் கடலிலிருந்து வரும் காற்று தடையில்லாமல் வீசும். 1864 போரில் டென்மார்க் தெற்கே பெரிய நிலப்பரப்பை இழந்தது. இருக்கும் நிலத்தையாவது விளையவைக்கவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1866 இல் ஓர்ஹூஸில் ஹெத நிலச் சங்கம் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் என்ரிக்கோ டல்காஸ், வீதி அமைக்கும் இராணுவப் பொறியியலாளர். அவர் பிறந்த இடம் இத்தாலியின் நேப்பிள்ஸ். அத்தி விளையும் நாட்டில் பிறந்தவர் யூலண்டுக் காற்றோடு போராடினார்.

அவர்கள் வரிசை வரிசையாக மரம் நட்டார்கள். தனியாக நட்ட ஊசியிலை மரங்கள் பல இடங்களில் வளராமல் நின்றன. பக்கத்தில் குட்டையான மலைப் பைனை நட்டபோது அதன் துணையில் அவை எழும்பின. காற்று மறைவான இடத்தை டேனிஷில் 'லே' என்பார்கள். இன்றும் அந்தப் பக்கம் காரில் போனால் வயல்களுக்கு இடையே நீளமான மரவேலிகளைக் காணலாம். அவையெல்லாம் லே உண்டாக்க நட்டவை.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. ஊர் வளவில் மரம் நடுவதுபோல, காணியின் நட்டநடுவில் வெயில் நன்றாக விழும் இடத்தில் முதல் தடியை நட்டார். இரண்டு குளிர்காலத்தில் அது செத்துப்போனது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு இன்னொரு தடி தந்தார். சுவரைக் கையால் தட்டிக் காட்டி "லே, லே" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

2010 டிசம்பர் கடுங்குளிர். நான் அப்போது பல்கலைக்கழகத்தில். மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் அத்தியின் இளங்கிளைகள் கருகத் தொடங்கும். இன்னும் இறங்கினால் தரைவரை சாகும். அந்த வருடம் எங்கள் மரம் தரைவரை செத்தது. கிண்டி எறியச் சொன்னேன். அப்பா விடவில்லை. யூன் மாதம் அடியிலிருந்து ஐந்து தளிர் வந்தது. 'குளிர் தாங்கும் வகை' என்று கடையில் எழுதியிருப்பதன் பொருள், அது குளிரில் சாகாது என்பதல்ல. வேர் பிழைத்தால் திரும்ப வரும் என்பதும் அதில் அடக்கம்.

ஆனால் அடுத்த வருடம் பழம் இல்லை. அத்தி இரண்டு போகம் காய்க்க முயலும். புதுக் கிளையில் கோடையில் வரும் காய்கள் இங்கே பழுக்க நேரம் போதாது. பழுப்பவை, முந்திய இலையுதிர்காலத்தில் கிளை நுனியில் பட்டாணி அளவில் தோன்றி, குளிர்காலத்தைத் தாண்டி, ஓகஸ்ட், செப்டெம்பரில் முதிர்பவை. அதனால் இலை கொட்டும்போது பெரிய காய்களைப் பிடுங்கிவிட்டு, நுனியில் உள்ள சின்னதை விடவேண்டும். பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளிக்கும், கையுறை போடுங்கள். சட்டியில் வளர்ப்பவர்கள் குளிர்காலத்தில் உறையாத இருட்டுக் கொட்டிலில் வைத்தால் போதும்.

அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள் குளிர் நகரங்களில் இன்னொரு வழி கண்டார்கள். இலையுதிர்காலத்தில் மரத்தைச் சாக்கால் சுற்றிக் கட்டினார்கள். சிலர் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைச் சாய்த்து, குழிக்குள் படுக்கவைத்து மண் மூடி, வசந்தத்தில் திரும்ப நிமிர்த்தினார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த மரங்களின் கதை தெரிகிறது. தாத்தா சொல்லியிருக்கிறார், அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆறு தடி வெட்டினேன். பென்சில் தடிப்பு, ஒரு சாண் நீளம், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கணு. பாதிக்கு மேல் ஈர மண்ணுக்குள். சூடான அறையில் நாலைந்து கிழமையில் வேர் விடும். இரண்டு பழுதாகிவிட்டது, நான்கு பிழைத்திருக்கிறது. ஒன்று அப்பாவின் புது வீட்டு பல்கனிக்கு.

ஒவ்வொரு சட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை செருகியிருக்கிறேன். அதில் அப்பாவின் பெயர், ஊரின் பெயர், நட்ட வருடம். அவற்றுக்கு மேலே பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர். அதற்கும் மேல் ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்ப எனக்கு இனி வழியில்லை.

உங்கள் வீட்டு யன்னலோரத்தில் ஒரு கறிவேப்பிலைச் சட்டியாவது இருக்கும். அம்மா குசினியில் நிற்கும்போது போய்க் கேளுங்கள், அது யாரிடமிருந்து வந்தது என்று. அவர் சொல்லும் பெயரை எழுதி வையுங்கள். பிறகு அந்த ஆளையும் கேளுங்கள்.