தெரியாதவர் திருத்திய பாடம்

சைலாப் பிரான்சில் பிறந்த நிரல்மொழி. இன்ரியா என்ற அரச ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, 1994 முதல் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. தாயங்களைப் பெருக்கலாம், சமன்பாடுகளைத் தீர்க்கலாம், வரைபு கீறலாம். விலை கொடுத்து வாங்கும் மாட்லாப் செய்கிற வேலையில் பெரும்பகுதியை இதுவும் செய்யும். உதவிப் பக்கங்களுக்கும் குறைவில்லை. ஆனால் எந்தக் கட்டளையைத் தேடுவது என்று முன்பே அறிந்தவருக்குத்தான் அவை உதவும். புதிதாக வருகிற பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

ஐஐடி பம்பாயில் இரசாயனப் பொறியியல் கற்பித்த பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் குழு இந்த வாசலைத்தான் திறக்கப் பார்த்தது. இந்திய மத்திய அரசின் கல்வித் திட்ட உதவியோடு அவர்கள் உருவாக்கிய ஸ்போக்கன் டுடோரியல் பாடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். கணினித் திரையில் நடப்பதைப் பதிவுசெய்து அதன்மேல் குரல் சேர்ப்பார்கள். ஒரு பக்கம் பாடம் ஓட, மறுபக்கம் சைலாப்பைத் திறந்து அதே கட்டளையை நாமும் தட்டிப் பார்க்க வேண்டும்.

பதிவுக்கு முன்னால் எழுத்துப் பிரதி. ஒரு பத்தியில் திரையில் காட்ட வேண்டியது, அடுத்ததில் பேச வேண்டியது. அந்தப் பிரதியை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுப்பார்கள். வேறு எவருடைய உதவியும் இல்லாமல் அதை மட்டும் பார்த்து அவர் செய்துபார்ப்பார். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே பிரதி திருத்தப்படும். நிபுணர் பார்வையிடுவதும் உண்டு. என்றாலும் இந்த முறையின் உயிர் அந்தப் புதியவரிடம்தான் இருக்கிறது என்பேன்.

சைலாப்பில் தடுக்க இடம் நிறைய. சதுர அடைப்புக்குள் அரைப்புள்ளி வந்தால் தாயத்தின் அடுத்த நிரை தொடங்கும். அதே அரைப்புள்ளி வரியின் முடிவில் வந்தால் விடை திரையில் தோன்றாது. பை என்ற மாறிலியை வெறுமனே எழுதினால் பிழைச் செய்தி வரும், முன்னால் சதவீதக் குறி வேண்டும். பழகியவர் கைக்கு இவை தானாக வரும். அதனாலேயே சொல்லாமல் விட்டுவிடுவார்.

பின்னர் இந்தப் பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் வந்தது. திரை ஆங்கிலத்திலேயே இருக்கும், பேச்சு மட்டும் மாறும். நாளை வேலைத்தலத்தில் பார்க்கப்போவது அதே ஆங்கிலத் திரைதானே என்பது அவர்கள் நியாயம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. தமிழ்ப் பிரதியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே நேரம் குறித்திருப்பார்கள். திரையில் சுட்டி நகர்கிற அந்தச் சில விநாடிக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டும். மொழிபெயர்க்கிறவருக்கு இது கடும் உழைப்பு.

இலங்கையில் எஹலியகொடையைச் சுற்றிய தேயிலை, ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து உயர்தரத்தில் கணிதம் எடுக்கிற பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாடங்களை ஒருமுறை இறக்கிவைத்தால் இணைப்பு இல்லாமலே பார்க்கலாம், சைலாப்புக்கும் காசில்லை. பாடங்களுக்கு மாற்றத்தை அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் மாற்றிப் பதியவும் தடையில்லை. இணைந்த கணிதத்தில் தாயம் படிக்கிற நம் மாணவி ஒருத்தி அந்தத் தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டிப் பார்க்கட்டும். அவள் தடுக்குகிற வரிகளை ஓர் ஆசிரியர் குறித்து வைத்தால், இலங்கைப் பதிப்பின் முதல் திருத்தப்படி தயார்.