மழைக்குளிரில் மந்தை காத்தல்

முல்லைப் பாட்டுகளில் மழையில் நனைந்து நிற்கும் இடையனைத் தலைவியின் காத்திருப்புக்கு அழகு செய்யும் பின்புலமாகக் கொள்வதே பெருவழக்கு. அவனது தொழிலின் வரலாறும் ஆங்கு உண்டென்பது இக்கட்டுரையின் கருத்து.

இடைக்காடனார் நற்றிணை 142, அகநானூறு 274 ஆகிய ஈரிடத்தும் அவனைக் காட்டுகின்றார். தீக்கடைகோலும் தோலும் உறியும் அவன் உடைமைகள். நுண்துளி ஒருபுறம் நனைப்பக் கோலூன்றி நிற்கின்றான். அகப்பாட்டில், நள்ளிரவில் சிறுதீ மூட்டி, வாய் மடித்துச் சீழ்க்கை விடுகின்றான். குட்டியின்மேல் கண்வைத்த குறுநரி அஞ்சி ஓடுகின்றது. நற்றிணையில் அச்சீழ்க்கையே ஆடுகளைக் கலையாது நிறுத்துகின்றது. நெருங்கி நிற்கும் ஆடுகள் ஒன்றன் உடற்சூட்டால் ஒன்று குளிர் தாங்கும் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பெரும்பாணாற்றுப்படை தொழுவைக் காட்டுகின்றது: தழை கட்டிய குறுங்காற் குடில், முள்வேலி, எருப்பரந்த இடம், செம்மறியும் வெள்ளாடும் ஒருங்கே தங்கல். மேய்ச்சல் குன்றும் மழைநாளில் அத்தழையே தீனியாதல் வேண்டும்.

பல நூற்றாண்டு பிற்பட்ட முதலாம் இராசராசனின் (985–1014) தஞ்சைக் கல்வெட்டுகள், விளக்கு ஒன்றுக்கு 96 ஆடும் நாள்தோறும் உழக்கு நெய்யும் வகுத்தன. அவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடுகள்’ எனப்பட்டன. குளிரில் ஓர் ஆடு மடியினும் எண்ணிக்கை குறைதல் கூடாது, அப்பொறுப்பு இடையனுடையது. கல்வெட்டு கடமையைக் கூறிற்று; அதன் பின்னின்ற உழைப்பைக் கூறியது பாட்டே. ஆதலின், இடையர் வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் சேரவைத்துக் காணல் வேண்டும்.