பூச்சூட்டும் முகம்: கங்கைகொண்ட சோழபுரச் சண்டேசர் சிற்பத்தில் தசை

சோழச் சிற்பிகள் தசையைச் செதுக்கவில்லை, மூச்சு நிரம்பிய வழவழப்பான உடலையே செதுக்கினார்கள் என்பது கலை வரலாற்றில் நெடுங்காலமாக ஒப்பிக்கப்படும் பாடம். கை கால்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. அதே அளவுகோலை முகத்துக்கும் நீட்டியதில்தான் பிழை.

சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயிலின் வடக்குப் படிக்கட்டருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். உமையோடு அமர்ந்த சிவன், கைகூப்பிய அடியார் சண்டேசரின் தலையில் முன்னிரு கைகளாலும் பூமாலையைச் சுற்றுகிறார்.

முதலில் கைகள். எலும்புத்தசையின் நார்களுக்குள் ஆக்டின் இழைகள் மையோசின் இழைகளின் மேல் நழுவும்போது தசை குறுகுகிறது. கன அளவு மாறாததால் பருக்கிறது. மேலே கொழுப்பு மெலிந்திருந்தால் அந்தப் புடைப்பு கண்ணில் படும். மாலை என்ன கனம் கனக்கும்? இந்த வேலைக்கு நார்களில் சிறு பங்கே இயங்கினால் போதும். வில்லை வளைக்கும் கைக்குரிய புடைப்பை இங்கே தேடுவது, பூத்தொடுப்பவரிடம் மூட்டை தூக்குபவரின் தோளைத் தேடுவது போன்றது.

முகத்தின் கதை வேறு. கைத்தசை எலும்பில் தொடங்கி, மூட்டைத் தாண்டி, தசைநாண் வழியாக அடுத்த எலும்பைப் பற்றுகிறது. உணர்ச்சி காட்டும் முகத்தசைகளில் பெரும்பாலானவை எலும்பில் தொடங்கினாலும் தோலில் முடிகின்றன. இவற்றை இயக்குவது ஏழாம் கபால நரம்பு. மெல்லும் தசைகளுக்கோ ஐந்தாம் நரம்பு. ஆகவே முகத்தசை வேலை செய்ததற்கான அடையாளம் புடைப்பு அல்ல, தோலின் இடமாற்றம். கன்ன எலும்பிலிருந்து சரிந்திறங்கும் தசை வாயோரத்தை மேலும் பின்னுமாக இழுத்தால் முறுவல் பிறக்கிறது. சிவனின் உதட்டில் இருக்கும் மென்முறுவலைத் தசையில்லாமல் எப்படி விளக்குவது?

தாழ்ந்த இமைகளை யோக நிலை என்று வாசிப்பது வழக்கம். பார்வை கீழே இறங்கினால், மூன்றாம் கபால நரம்பு இயக்கும் இமைதூக்கு தசை தளர்ந்து மேலிமையும் கூடவே இறங்கும். மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடும் தாயின் முகத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இது புரியும்: பாதி மூடியதுபோல் தெரியும் அந்தக் கண் விழிப்போடுதான் இருக்கிறது, வேலையைப் பார்க்கிறது. சிவனின் இமையும் அப்படி வேலை பார்க்கும் இமை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்குமேல் போவது துணிச்சல். உள்ளார்ந்த மகிழ்ச்சியில் வாயோரத்தோடு கண்ணைச் சுற்றிய வளையத்தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் எழுதினார். அந்தச் சுருக்கத்தை வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் உண்டு என்பது பின்னாளைய ஆய்வு. எனவே இறைவனின் முறுவல் மெய்யா பாவனையா என்று கல்லிடம் கேட்பதில் பயனில்லை.

கருங்கல்லில் இவ்வளவு நுட்பம் ஏறாது என்பார்கள். அதே கல்லில் நகைகளின் நுண்வேலை ஏறியிருக்கிறது. சிற்பிக்கு உடற்கூறு தெரியாது என்பது இன்னொரு மறுப்பு. பிணத்தை அறுத்துப் பார்த்தா தாய் பிள்ளையின் முகத்தைப் படிக்கிறாள்? மாலை பெறுபவர் சண்டேசரா, அவருருவில் இராசேந்திரனா என்ற பழைய வழக்கும் இங்கே தேவையில்லை. யாராக இருந்தாலும், குனிந்த தலை மார்பில் விழாமல் தாங்குவது பிடரித் தசைகளே. அந்தக் குனிவு சோர்வாக அல்லாமல் பணிவாகத் தெரிவது அவற்றால்தான்.

ஒப்பீட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. படிக்கட்டின் மறுபுறம் ஞானசரஸ்வதி தனித்து அமர்ந்திருக்கிறாள். குனிந்து பார்க்க எதிரே ஆளில்லை. இரு முகங்களின் இமைக்கோட்டையும் வாயோரச் சாய்வையும் ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் அளந்தால், சிவனின் இமைத்தாழ்வு சிற்ப மரபின் பொது வார்ப்பா, பூச்சூட்டும் வேலைக்கென்று செதுக்கியதா என்பது தெரிந்துவிடும். இரண்டாவதுதான் என்பது இக்கட்டுரையின் எதிர்பார்ப்பு.