சினைப்பை நீர்க்கட்டியும் புதுக்கோட்டைப் பெண்களின் மிதிவண்டியும்

சினைப்பை நீர்க்கட்டி நோய்த்தொகுதி என்பது இனப்பெருக்க வயதுப் பெண்களிடம் பரவலாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறுகளுள் ஒன்றாகும். மருத்துவர்கள் இதைப் பிசிஓஎஸ் என்பர். பேச்சு வழக்கில் 'நீர்க்கட்டி' என்றே சொல்லப்படுகிறது. மாதவிடாய் தள்ளிப்போதல், முகத்தில் முடி வளர்தல், முகப்பரு, எடை கூடுதல், கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதன் அறிகுறிகள். உலகில் 100 பெண்களுள் ஏறத்தாழ 8 முதல் 13 பேருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை கண்டறியப்படாமலே இருக்கலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்நோய்க்கு இன்று முதலில் கூறப்படும் அறிவுரை, "உடற்பயிற்சி செய்யுங்கள், உணவைச் சீர்ப்படுத்துங்கள்" என்பதாகும். இந்த அறிவுரைக்கு மருத்துவம் எப்படி வந்து சேர்ந்தது என்பது ஒரு வரலாறு. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வந்து உடலை இயக்குவதற்கு எவையெல்லாம் தேவைப்பட்டன என்பது மற்றொரு வரலாறு. முதலாவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடங்குகிறது. இரண்டாவதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் நல்ல சான்றாகும்.

பெயர் வந்த விதம்

இத்தாலிய மருத்துவ அறிஞர் அந்தோனியோ வல்லிஸ்னேரி 1721இல், குழந்தையில்லாத, சற்றுப் பருமனான ஓர் இளம் உழவர் குடிப்பெண்ணைப் பற்றி எழுதினார். அவளுடைய சினைப்பைகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் வெண்மையாகப் பளபளப்பாகவும் இருந்தன என்று குறித்தார். இதுவே இந்நோயைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

1935இல் அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவர்களான இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவந்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். மாதவிடாய் நின்றுபோதல், மிகுதியான முடி வளர்ச்சி, பெரிதான சினைப்பைகள் ஆகியவை ஒருசேரக் காணப்படுவதை அவர்கள் சுட்டிக்காட்டினர். நெடுங்காலம் இந்நோய் அவ்விருவர் பெயராலேயே 'ஸ்டெயின் லெவந்தால் நோய்' என வழங்கியது.

'நீர்க்கட்டி' என்ற சொல் பலரை அச்சுறுத்துகிறது. உண்மையில் அவை அகற்றப்பட வேண்டிய கட்டிகள் அல்ல. முழு வளர்ச்சி அடைந்து முட்டையை வெளியிட வேண்டிய சிறு நுண்ணறைகள் பாதியிலேயே வளர்ச்சி நின்று தங்கிவிடுவதே ஸ்கேன் படத்தில் அவ்வாறு தெரிகிறது.

கத்தியிலிருந்து மாத்திரைக்கு

சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பதே ஸ்டெயினும் லெவந்தாலும் செய்த மருத்துவம். அந்த ஏழு பெண்களுக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றனர். ஆனால் இவ்வகை அறுவைக்குப் பின் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதுவே கருத்தரிப்புக்குத் தடையாகவும் அமைந்தது. 1960களில் முட்டை வெளிப்படத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை வந்தபின் கத்தியின் தேவை வெகுவாகக் குறைந்தது.

எனினும் அறுவையும் மாத்திரையும் சினைப்பையை மட்டுமே பார்த்தன. முழு உடலையும் பார்க்கும் பார்வை பின்னரே உறுதிப்பட்டது.

இன்சுலினும் எடையும்

ஆண்தன்மை ஹார்மோன் மிகுதிக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் 1921லேயே எழுந்தது. பாரிஸ் நகர மருத்துவர்களான அஷார், தியேர் ஆகியோர் தாடி வளர்ந்த பெண்களிடம் காணப்பட்ட நீரிழிவைப் பற்றி எழுதினர். 1980இல் வெளியான ஓர் ஆய்வு, சினைப்பை நீர்க்கட்டி உள்ள பருமனான பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் அளவு கூடியிருப்பதைக் காட்டியது.

இதன் இயக்கத்தை எளிதாக விளக்கலாம். உடல் திசுக்கள் இன்சுலினின் கட்டளைக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுதியான இன்சுலின் சினைப்பையை டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகிறது. அந்த ஹார்மோனைப் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதும் குறைகிறது. எனவே கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்து, முட்டை வெளிப்படுவது தடைப்படுகிறது. எடை கூடும்போது இச்சுழற்சி வேகம் பெறுகிறது.

ஆனால் ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. மரபும் இதில் பங்கு வகிக்கிறது. ஆகவே "உண்டு கொழுத்ததால் வந்த நோய்" என்று ஒரு பெண்ணைப் பழிப்பது அறிவியலுக்குப் பொருந்தாது.

2003இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் கூடிய அறிஞர்கள், மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் எனக் கொள்ளலாம் என்றனர். 2018இல் வெளியாகி 2023இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டுநெறிகள் வளரிளம் பெண்களுக்கு இதில் மாற்றம் செய்தன. அவர்களுக்கு முதல் இரண்டு அறிகுறிகளும் இருக்க வேண்டும். பூப்படைந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. உடல் நலத்தைப் பேண, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் தேவை என்றும் அவை கூறின.

ஓர் இந்திய ஆய்வு

2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆந்திரத்தின் ஓர் உண்டு உறைவிடக் கல்லூரியைச் சேர்ந்த 15 முதல் 18 வயதுவரையான 460 மாணவியர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 9.13 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அதே ஆய்வுக் குழுவினர், நோயுள்ள 90 மாணவியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு யோகப் பயிற்சியும் மற்றதற்கு வழக்கமான உடற்பயிற்சியும் 12 வாரம் அளித்தனர். யோகப் பயிற்சி பெற்றவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் உள்ளிட்ட சில ஹார்மோன் அளவுகள் கூடுதலாகச் சீரடைந்தன. எடையைப் பொறுத்தவரை இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எடைக் கருவியின் முள் நகரவில்லை என்று மனம் தளர்ந்து பயிற்சியைக் கைவிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய முடிவு இது.

புதுக்கோட்டையின் சாலைகளில்

வாரம் 150 நிமிடம் என்பது நாளொன்றுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள். கணக்கில் இது எளிது. ஆனால் அந்த அரை மணி நேரத்திற்கு ஒரு பெண் தெருவில் இறங்க வேண்டும். அதை ஊர் இயல்பாக ஏற்க வேண்டும். புதுக்கோட்டையில் இது போராடிப் பெற்ற உரிமையாகும். 1886இல் இங்குப் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதித்த பின்னரே அவர் படிக்க முடிந்தது. 1912இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார்.

கல்லூரி வாசலில் ஒரு பெண்ணுக்கு ஏற்பட்ட தடை, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சாலையில் தகர்ந்தது. 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்க ஊக்கமளித்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்தபடி, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். 1992 உலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் மிதிவண்டிகளில் அணிவகுத்தனர். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

இந்த இயக்கம் எடைக் குறைப்புக்காகவோ நோய்க்காகவோ தோன்றியதன்று. வேலைக்குப் போக, தண்ணீர் எடுக்க, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல, பேருந்துக்காகக் காத்திராமல் இருக்கவே பெண்கள் வண்டி ஏறினர். தொடக்கத்தில் கேலியும் அவதூறும் இருந்தன. ஒருத்தி தனியே ஓட்டியபோது எழுந்த கேலி, ஊரே ஓட்டியபோது அடங்கியது. மருத்துவம் இன்று கேட்கும் உடலியக்கம், அன்று அப்பெண்களின் அன்றாட வாழ்க்கையாகவே ஆனது.

2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிய தமிழக அரசு, பின்னர் அத்திட்டத்தை மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கியது. எனினும் பள்ளிப்படிப்பு முடிந்ததும் அந்த வண்டி திண்ணையோரம் சாத்தப்படும் வீடுகள் உண்டு. எடை கூடுவதும் மாதவிடாய் தவறுவதும் கவனிக்கப்படாமல் போவது பெரும்பாலும் அந்த வயதில்தான்.

உணவும் சிகிச்சையும்

வரகு, கேழ்வரகு, கம்பு ஆகியவை புதுக்கோட்டையின் மானாவாரி நிலங்களுக்குப் பழக்கமான பயிர்கள். தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து மிகுந்த இவற்றை அளவோடு சேர்ப்பது நல்லது. ஆனால் குறிப்பிட்ட ஓர் உணவு முறை மட்டுமே இந்நோய்க்குச் சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை என்றே வழிகாட்டுநெறிகள் கூறுகின்றன. பட்டினி கிடப்பதும் விளம்பரப் பொடிகளை நம்புவதும் பயன் தரா. கூடுதல் எடை உள்ளவர்கள் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குபடுகிறது. தேவைப்படுவோருக்கு மெட்ஃபார்மின், கருத்தடை மாத்திரை போன்றவற்றை மருத்துவர் பரிந்துரைப்பார்.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பது தவறு. மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதத்திற்கு மேல் தள்ளிப்போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் சர்க்கரை நோயும், கருப்பையின் உள்சவ்வில் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. 2017இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்திலேயே உள்ளது. மகளின் மாதவிடாய்க் கணக்கைத் தாய் நாட்காட்டியில் குறித்து வைப்பதும், தினமும் அரை மணி நேரம் அவள் வெளியே சென்றுவர வீட்டார் வழிவிடுவதும் செலவில்லாத தொடக்கமாகும்.