பிள்ளையின் சிகிச்சைக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்தால்?

பிள்ளை வார்டில் இருக்கும் நேரத்தில் "உங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆனா அதுவே இறுதி முடிவு இல்லை.

முதல்ல, எந்தப் பகுதி மறுக்கப்பட்டது?

சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் அதே தகுதியில் இருந்தால் அவர்களுக்கு மெடிஷீல்டு லைஃப் தானாகவே உண்டு. 2015 நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த இந்த அடிப்படைத் திட்டம், பிறவிக் கோளாறு, ஏற்கெனவே உள்ள நோய் என்று சொல்லி யாரையும் ஒதுக்காது. அதற்கு மேல் தனியார் நிறுவனத்திடம் வாங்குவதுதான் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம். விலக்கு வருவது இந்த மேல்பகுதியில். அது கைவிரித்தாலும் மெடிஷீல்டு லைஃப் பங்கு வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். பி2, சி வார்டு கட்டணத்தை வைத்தே அதன் கணக்கு என்பதால், தனியார் மருத்துவமனை பில்லில் அது சின்னத் தொகைதான்.

டிபெண்டன்ட் பாஸில் இருக்கும் பிள்ளைகளுக்கு மெடிஷீல்டு லைஃப் இல்லை.

காரணத்தை எழுத்தில் வாங்குங்க

ஒப்பந்தத்தின் எந்த விதியின்கீழ் மறுத்தார்கள்? தொலைபேசியில் சொன்னால் போதாது. "முன்பே இருந்த நோய்" என்றால் சண்டையே தேதியைப் பற்றியதுதான். அறிகுறி முதலில் தெரிந்தது காப்புறுதி தொடங்குவதற்கு முன்பா, பின்பா? பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டைத் தேடி எடுங்கள். வளர்ச்சிப் பரிசோதனைகள் தேதியோடு அதில் இருக்கும். "மருத்துவ ரீதியில் அவசியமில்லை" என்றால் அந்தச் சொற்களுக்கே நேரடியாகப் பதில் சொல்லும் கடிதத்தை நிபுணரிடம் கேளுங்கள். பொதுவான மெமோ உதவாது.

நிறுவனம் மசியலையா?

2005இல் தொடங்கப்பட்ட ஃபிட்ரெக் எனும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்திற்குள் புகார் கொடுக்கணும். சமரசப் பேச்சுக்குக் கட்டணம் இல்லை. அது முறிந்து தீர்ப்பாளரிடம் போனால் 50 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களேதான் பேசணும். தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட்டாகணும். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் நீதிமன்றம் போகலாம்.

இத்தனைக்கும் மருத்துவமனை பில் காத்திருக்காது. லிட்டில் இந்தியா எம்ஆர்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேகே மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனை என்றால், மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்துத் தவணை கேளுங்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு 2013 முதல் மெடிஃபண்ட் ஜூனியர் உதவியும் இருக்கு. மேல்முறையீடு முடியட்டும் என்று காத்திராமல் அதற்கும் இப்போதே விண்ணப்பிக்கலாம்.